சி40 டைனமோ: பட்டறைக் குறிப்புகள்

பிப்ரவரி 4

மோரிஸ் மைனர் காரில், டைனமோ பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு இன்று முழுதாக அணையவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மங்குகிறது, அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வாயாக, "ஆர்மேச்சர் எரிந்திருக்கும், ஆல்டர்னேட்டர் மாட்டிவிடுங்கள்" என்கிறார்கள். ஆர்மேச்சர் டைனமோவுக்குள் சுழலும் கம்பிச்சுருள்; ஆல்டர்னேட்டர் டைனமோவுக்குப் பதிலாகப் பின்னால் வந்த வகை. வண்டியில் இருப்பது லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ, அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் தவிர இந்த வண்டியில் மின்சாரம் கேட்க வேறு என்ன இருக்கிறது? பெரிய ஸ்டீரியோ வைக்கிறவர் ஆல்டர்னேட்டருக்குப் போகட்டும்.

பிப்ரவரி 5

கழற்றுவதற்கு முன் வண்டியிலேயே சோதனை. பெல்ட் இறுக்கம் சரி. டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்டு காயிலின் முனை) இரண்டிலும் இருந்த வயர்களை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரு வெற்றுக் கம்பியால் இணைத்து, அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைத்தேன். ஐடிலிங்கிலிருந்து வேகத்தை மெல்லக் கூட்டினால் முள் ஆடாமல் விறுவிறுவென்று ஏற வேண்டும். ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலைச் சந்தேகிக்கலாம். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரை. இங்கே இரண்டும் இல்லை. முள் 8க்கும் 12க்கும் நடுவே துள்ளிக்கொண்டே இருந்தது. ஆர்மேச்சரிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் கார்பன் துண்டான பிரஷ் சரியாகத் தொடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பிப்ரவரி 9

இரண்டு நீள போல்ட்டைக் கழற்றியதும் பின்மூடி பிரஷ்களோடு கையில் வந்தது. கார்பன் தூள் கொட்டியது. ஒரு பிரஷ் கூட்டுக்குள் சிக்கி அசையவே இல்லை. இன்னொன்று 7 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது.

பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. முன்பு யாரோ எமரி தாளால் தேய்த்திருக்கிறார்கள். எமரி பொடி செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷை அரைக்கும். மெல்லிய உப்புத்தாள் இருக்கும்போது எமரி எதற்கு? போதாததற்கு, செம்பு தேய்ந்துபோய், செம்புப் பட்டைகளுக்கு நடுவே மின்காப்பாக இருக்கும் மைக்கா அதற்குச் சமமாக நிற்கிறது. மைக்கா செம்பைவிடக் கடினமானது. அது ஒரு இழை தூக்கினாலும் பிரஷ் துள்ளும், தீப்பொறி பறக்கும், செம்பு கருகும், அப்புறம் இன்னும் அதிகமாகத் துள்ளும்.

பிப்ரவரி 10

எஃப் முனைக்கும் உடம்புக்கும் நடுவே 5.9 ஓம். சி40க்கு 6 ஓம் இருக்க வேண்டும், ஆக ஃபீல்டு காயில் நலம். ஆர்மேச்சரைக் குரோலரில் (சுருளில் ஷார்ட் தேடும் மின்காந்தக் கருவி) வைத்து, மேலே ஆக்ஸா பிளேடைப் பிடித்துச் சுற்றினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் அந்த இடத்தில் பிளேடு அதிரும். எங்குமே அதிரவில்லை. ஷாஃப்டுக்கு மின்கசிவும் இல்லை. எரிந்துவிட்டதாக எல்லோரும் சொன்ன ஆர்மேச்சர் இதுதான்!

ஃபீல்டு காயிலைப் பிடித்திருக்கும் பெரிய திருகுகளைத் தொடவில்லை. காயிலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டுகளைத் திரும்ப உடம்போடு ஒட்ட உட்காரவைக்கத் தனிக் கருவி வேண்டும். நன்றாக இருப்பதை எதற்குக் கிளற வேண்டும்?

பிப்ரவரி 16

லேத் தெரிந்த நண்பர் கம்யூட்டேட்டரை மெல்லிசாகக் கடைந்து கொடுத்தார். மைக்காவைத் தோண்டுவது என் வேலை. ஆக்ஸா பிளேடின் பக்கங்களை, பள்ளத்தின் அகலத்துக்கு வரும்வரை சாணையில் தேய்த்து, ஒவ்வொரு பள்ளமாக 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இழுத்தேன். கழுத்து வலி தனிக் கணக்கு. ஓரத்தில் மைக்கா இழை மிஞ்சக் கூடாது. பூதக்கண்ணாடியால் பார்த்து முடித்தேன்.

பின்மூடியில் ஷாஃப்ட் சுழலும் வெண்கல புஷ் நுண்துளைகள் நிறைந்த வகை. 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவேண்டும். அளவு இறுக்கமாக இருக்கிறதே என்று ரீமர் (துளையைக் குடைந்து பெரிதாக்கும் கருவி) விட்டால் நுண்துளைகள் அடைபட்டு, எண்ணெய் சுரக்காது.

பிப்ரவரி 18

புது பிரஷ், முன்பக்கம் புது பால் பேரிங். பிரஷ்களை மேலே தூக்கி, ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் அழுத்தவிட்டு மூடியைப் பொருத்தினேன். பிறகு காற்றுத் துளை வழியே மெல்லிய ஸ்குரூடிரைவரை விட்டு ஸ்பிரிங்கைப் பிரஷ்ஷின் தலைமேல் ஏற்றினேன்.

டி, எஃப் இணைத்து பேட்டரி கொடுத்ததும் மோட்டார்போல ஓடியது. இந்த வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். அதனால் பாசிட்டிவை டைனமோ உடம்பில் வைத்து, நெகட்டிவை எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். உள்ளே மிஞ்சியிருக்கும் காந்தம் சரியான திசையில் இருக்க இது வேண்டும்.

பிப்ரவரி 19

மாட்டியாயிற்று. அதே சோதனையில் முள் துள்ளாமல் ஏறியது. வேகம் எடுத்ததும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. ஐடிலிங்கில் லேசாக மினுங்குகிறது. டைனமோவுக்கு அது இயல்பு. கண்ட்ரோல் பாக்ஸில், டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் சுவிட்சான கட்-அவுட் 12.9 வோல்ட்டில் மூடுகிறது, 12.7க்கும் 13.3க்கும் நடுவே இருந்தால் போதும். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் அளவை இப்போது திருகப்போவதில்லை. பிரஷ்கள் கம்யூட்டேட்டரில் நன்றாகப் படியட்டும், பிறகு பார்க்கலாம்.