கருடனா, கரும்பருந்தா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேலே வட்டமிடும் பறவைகள் எல்லாவற்றையும் எங்கள் பகுதியில் 'கழுகு' என்றே சொல்லிவிடுவார்கள். உண்மையில் அங்கே அதிகம் பறப்பவை இரண்டு வகைப் பருந்துகள். ஒன்று கரும்பருந்து, மற்றொன்று நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்து. வளர்ந்த செம்பருந்தின் வெள்ளைத் தலையையும் செங்கல் நிற உடலையும் எவரும் கண்டுகொள்வார்கள். ஆனால் அதன் இளம்பறவை உடல் முழுவதும் பழுப்பாக, பார்த்த மாத்திரத்தில் கரும்பருந்து என்றே தோன்றும். நானும் பல மாதங்கள் பழுப்பாகப் பறந்தவை அனைத்தையும் கரும்பருந்து என்றே குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

நம் கரையில் காலை வேளையில் நிறத்தை நம்பவே கூடாது. கதிரவன் கடலிலிருந்து எழுவதால், கிழக்கே பார்த்து நிற்பவருக்குப் பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும். அப்போது கைகொடுப்பது வால். கரும்பருந்தின் வால் நடுவில் உள்வாங்கி, ஏறக்குறைய மீன்வால் போல இருக்கும். செம்பருந்தின் வால்முனையோ விசிறி போல வட்டமானது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரும்பருந்து திரும்பும்போது வாலை முழுவதும் விரித்தால், அந்தப் பிளவு மறைந்து விளிம்பு நேர்க்கோடாகிவிடும். அந்த நொடியில் முடிவு செய்யாமல், அது வாலை மடக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். விரித்த நிலையிலும் ஓரங்கள் கூராகவே இருப்பதையும், படகின் சுக்கானைப் போல அது வாலை இடமும் வலமும் ஓயாமல் திருப்புவதையும் கவனித்துப் பழகினால் ஐயம் குறையும். கரும்பருந்து சுமார் 60 செ.மீ., செம்பருந்து சுமார் 48 செ.மீ. நீளம் என்றாலும், ஒற்றையாகப் பறக்கும் பறவையின் அளவை வானத்தில் கணிப்பது கடினம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அந்த ஆண்டு பிறந்த செம்பருந்துகள் பறந்து திரியும் காலமும் அதுவே. அப்படியொரு நாளில், எங்கள் ஆயாவுடன் துறைமுகத்தில் நின்றிருந்தபோது, கொடிமரத்தில் அமர்ந்திருந்த பழுப்புப் பறவை ஒன்று எங்கள் தலைக்கு மேலாகவே எழும்பியது. இறக்கையின் அடியில் முனையை ஒட்டி அகன்ற வெளிறிய திட்டு தெரிந்தது. வால்முனை வட்டமாக இருந்தது. சிவப்புப் பருந்துக்கு மட்டுமே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஆயாவிடம், "இதுவும் கருடன்தான் ஆயா, குஞ்சு" என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அது அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.