குழாய் ஸ்டிக்கரை விட்டுவிடாதீர்கள்

அப்பாவின் டயாலிசிஸ் குழாய் என்ன மெட்டீரியல் என்று காட்டும் ஒரே ஒரு ஸ்டிக்கருக்காக உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

டயாலிசிஸுக்காக அப்பாவுக்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா தேறும்வரை, கழுத்தில் பெர்ம்கேத் என்ற டயாலிசிஸ் குழாய் போட்டிருந்தார்கள். போட்டது, டயாலிசிஸ் ஆரம்பித்தது, காப்பீட்டு அட்டை வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வெயிலில் வேர்த்து டிரெஸ்ஸிங் நனையும்போதெல்லாம் ஊரில் கம்பவுண்டர் மாமா மாற்றிவிடுவார். சுத்தமாக இருக்கட்டும் என்று குழாயை ஸ்பிரிட் (ஆல்கஹால்) பஞ்சால் நன்றாக ஊறவைத்துத் துடைப்பார்.

ஒருநாள் டயாலிசிஸ் ஓடும்போதே அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது, குளிர்காய்ச்சல். பிளட் கல்ச்சரில் கிருமி. பார்த்தால் குழாயை மூடும் கிளாம்புக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு. குழாயையே மாற்றினார்கள். ஸ்பிரிட்தான் காரணம் என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கிளாம்பை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தாலும் விரியுமாம். ஆனால் சிலவகை பாலியூரிதேன் குழாய்கள் ஆல்கஹாலில் ஊறினால் பலம் இழக்கும், சிலிகான் குழாய்க்கு அயோடின் ஆகாது என்றார். விரிசல் விட்டால் கிருமியும் போகும், காற்றும் போகும். மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

"புதுக்குழாய் என்ன மெட்டீரியல்ணே? ஸ்டிக்கர் கொண்டாங்க" என்றார் டயாலிசிஸ் சிஸ்டர். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பெர்ம்கேத்' என்று ஒரே வார்த்தை. குழாய் போட்ட ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில், "அது தியேட்டர்ல இருக்கும் தம்பி" என்றார்கள். தியேட்டரில் மறுபடி ரெக்கார்டு ரூம். அடுத்த தடவை, நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே! மூன்றாவது தடவை கடிதத்தோடு போனேன். ஆபரேஷன் நோட்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பாலியூரிதேன். சிஸ்டர் கம்பெனி விவரத்தாளைத் தேடிப் படித்தார். அந்தக் குழாய்க்கு ஆல்கஹால் கூடாது, ஆல்கஹால் கலக்காத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போதும் என்று போட்டிருந்தது. எந்த மருந்தானாலும் காய்ந்த பிறகே மேலே பிளாஸ்திரி ஒட்டவேண்டும், களிம்பு தடவுவதானாலும் கேட்டுவிட்டுத்தான் தடவவேண்டும் என்றார்.

குழாய் போடுகிற அன்றைக்கே ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்பாவின் டயாலிசிஸ் நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஸ்பிரிட் வேண்டாம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜெராக்ஸ் மாமா வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.