ஃபேவர்ஷமில் ஒரு செவ்வாய்க்கிழமை

இங்கிலாந்து பியர் என்றால் வெதுவெதுப்பாக, நுரையே இல்லாமல், சப்பென்று இருக்கும் என்று சொல்பவர்கள் இன்னும் நிறைய. அவர்களைக் கையோடு கூட்டிப் போய் ஒரு அரை பைண்ட் (கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே) வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும் ஊர், கென்ட்டில் உள்ள ஃபேவர்ஷம். லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. செவ்வாய், வெள்ளி, சனி அங்கே சந்தை. போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

சந்தைத் திடல் நடுவே மரத்தூண்கள் மேல் நிற்கும் கில்டுஹால், 1574இல் சந்தை மண்டபமாகக் கட்டியது. அதன் கீழேயும் சுற்றியும்தான் இன்றும் கடை போடுகிறார்கள். அங்கிருந்து கோர்ட் ஸ்ட்ரீட்டில் நாலு எட்டு வைத்தால் ஷெப்பர்ட் நீம் பியர் ஆலை. தங்கள் தொடக்கம் 1698 என்கிறார்கள், பிரிட்டனிலேயே பழையது என்ற பெயரும் அதற்கு உண்டு. அன்று உள்ளே காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் போல, தெரு முழுக்க ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி மால்ட் வாசனை. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவும் இந்த மண்ணின் பயிர்தான். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற வகை இந்த வட்டாரத்தின் பெயரோடே இருக்கிறது, ஒரு காலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் செப்டம்பரில் குழந்தை குட்டியோடு இங்கே வந்து வாரக்கணக்கில் தங்கி ஹாப்ஸ் பறித்தார்கள். கென்ட் பப்களில் உத்தரத்தில் காய்ந்த ஹாப்ஸ் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

முதலில் போனது சந்தைத் திடலிலேயே இருக்கும் பேர் இன் என்ற பப். பல ஊர்களில் உள்சுவர்களை இடித்துப் பெரிய கூடமாக்கிவிட்டார்கள். இங்கே பழையபடி சின்னச் சின்ன அறைகள், பக்கவாட்டில் ஒரு நடை. மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், நாம்தான் பாருக்குப் போய்க் கேட்க வேண்டும். வரிசை என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்தது யார் என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் வந்த பெரியவரைக் கவனிக்காமல் பாரில் ஊற்றுகிறவர் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது நான் அவரைக் கை காட்டினேன். அவ்வளவுதான், அடுத்த முக்கால் மணி நேரம் அவரோடுதான் பேச்சு. ஷெப்பர்ட் நீமின் மாஸ்டர் ப்ரூ வாங்கினேன், ரியல் ஏல் என்ற பழைய முறை பியர். கசப்பு முதலில் தெரியாது, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெதுவாக ஏறும். போதைக்காகக் குடிக்கும் பியர் இல்லை இது, உட்கார்ந்து பேசுவதற்கு.

ரியல் ஏல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஆலையிலிருந்து பீப்பாய் கிளம்பும்போது உள்ளே பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்பின் நிலவறையில் அதைக் கிடையாகப் படுக்க வைத்து, மேலே ஒரு சின்ன மரமுளை செருகுவார்கள். முதலில் காற்று கசியும் மெத்தென்ற முளை, பொங்குவது அடங்கிய பிறகு இறுக்கமான முளை. ஒன்றிரண்டு நாளில் கசடு அடியில் படிந்து பியர் தெளியும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரை இருந்தால் சரி. வெதுவெதுப்பு என்று சொல்கிறவர்கள் ஐஸ் போலக் குளிர வைத்துத் தரும் லாகர் வகை பியரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். பம்பின் கைப்பிடியை இழுக்கிறவரின் கை பலத்தில்தான் பியர் மேலே வருகிறது, வாயுவை ஏற்றித் தள்ளுவதில்லை. வடிகட்டி, சூடுபடுத்தி, வாயு ஏற்றிய கெக் பியர் நாட்டையே பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1971இல் நான்கு பேர் தொடங்கிய காம்ரா என்ற இயக்கம்தான் இந்த வழக்கம் அழியாமல் காத்தது. அவர்களுக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

பீப்பாயைத் திறந்து காற்று உள்ளே போய்விட்டால் மூன்று நாள், அதற்கு மேல் சுவை இறங்கும். காலையில் இறக்கிய கள்ளுக்கும் மறுநாள் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபர்கின் என்ற வழக்கமான பீப்பாயில் 72 பைண்ட். அப்படியென்றால் ஒவ்வொரு பியரும் ஒரு நாளைக்கு 24 பைண்ட் விற்றாக வேண்டும். பத்து பம்ப் வரிசையாக நின்று, உள்ளே ஐந்தே பேர் உட்கார்ந்திருந்தால் நான் அந்தப் பப்பில் யோசித்துத்தான் வாங்குவேன். அன்று ஓரிடத்தில் அதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். வாயில் வைத்ததுமே காடி. தயங்காமல் திருப்பிக் கொண்டுபோய்ச் சொன்னேன், அந்தப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் வேறு ஊற்றிக் கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கெட்டுப்போன ஏலைத் திருப்பிக் கொடுப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, கூச்சப்பட்டுக் குடித்து முடித்துவிட்டு அப்புறம் ரியல் ஏலே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

பிறகு ஆபி ஸ்ட்ரீட் வழியாக நடந்தேன். அந்தத் தெருவுக்காக மட்டுமே கூட இந்த ஊருக்கு வரலாம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தி எலிஃபண்ட், எந்த ஆலைக்கும் கட்டுப்படாத பப், அதனால் வேறு வேறு சின்ன ஆலைகளின் ஏல் கிடைக்கும். பிரெஸ்டன் ஸ்ட்ரீட்டில் ஃபர்லாங்ஸ் என்று ஒரு மைக்ரோ பப். இந்த மைக்ரோ பப் வகையே கென்ட்டில் பிறந்ததுதான். 2005இல் மது விற்பனை உரிமச் சட்டம் மாறியதும், பக்கத்தில் உள்ள ஹெர்ன் கிராமத்தில் ஒருவர் பழைய இறைச்சிக் கடையில் பீப்பாய்களை வைத்துத் தொடங்கினார். சின்ன அறையில் எல்லோரும் எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பதால் பேசாமல் இருக்க முடியாது.

கடைசியாகப் போன பப்பில் எனக்குப் பிடித்த ஏலின் பெயர்ப் பலகையைப் பம்பில் திருப்பி வைத்திருந்தார்கள், தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முகம் வாடியதைப் பார்த்திருப்பார் போல, கூட்டம் இல்லாததால் உரிமையாளர் என்னை நிலவறைக்கே கூட்டிப் போனார். செங்கல் வளைவு, ஈரத் தரை, குளிர். அடுத்த பீப்பாயை மதியம்தான் படுக்க வைத்தாராம். மெத்தென்ற முளையைச் சுற்றி நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது. இதையே திறக்கலாமே என்றேன். கலங்கலாக இருக்கும், வெள்ளிக்கிழமை தெளிந்துவிடும் என்றார்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போனேன். கண்ணாடி போல இருந்தது.