கதவுப்பிடியில் கை வைத்த பிறகு

ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் 22 வருடங்களாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். வருடாந்திரப் பரிசோதனை நாட்களில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல சார், சட்டுனு பார்த்து விடுங்க" என்பதுதான் அநேகமாக எல்லோருடைய முதல் பேச்சும். சிலர் நின்றபடியே கையை நீட்டுவார்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதங்களும் தரையில் படிந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. படியேறி வந்த மூச்சோடு பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியே வரிசை நீள்கிறதே என்று இந்த ஐந்து நிமிடத்தை நான் சுருக்கியதுண்டு. இப்போது சுருக்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் மனிதர் கொஞ்சம் இளகுகிறார்.

ஒருவருக்கு 46 வயது. முதல் முறை பார்த்தபோது 168/104. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. 140/90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். "தலைவலிகூட வந்ததில்லையே சார்" என்று நம்பாமல் என்னைப் பார்த்தார். பிரஷரில் பயப்பட வேண்டியதே அதுதான். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரையும் அப்படித்தான். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். வெறும் வயிற்று அளவு அதனால் கொஞ்சம் இறங்கிக்கூடக் காட்டலாம். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு அப்படி இறங்காது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது, அதில் படிந்த சர்க்கரை இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் கருவியில் தெரிகிற விஷயங்கள். கருவியில் தெரியாதவற்றை ஆண்கள் எழுந்து போகும்போதுதான் சொல்கிறார்கள்.

இயந்திரப் பிரிவில் 52 வயதுக்காரர் ஒருவர். எல்லாம் முடிந்து, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்: "ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு சார். வயசானா அப்படித்தானே?"

திரும்ப உட்கார வைத்தேன். ஒன்றரை வருடமாக இப்படித்தானாம். சிறுநீர் உடனே வராது, வந்தாலும் சொட்டுச் சொட்டாக, முழுவதும் போகாத மாதிரி இருக்கும். ஷிப்டில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். உடன் வேலை பார்த்தவர்களுக்கோ மனைவிக்கோ காரணம் தெரியாது. அவர் கை மட்டும் அந்தச் சீட்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டே இருந்தது.

ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதாக ஆக அது வீங்கினால் குழாயை நெருக்கும். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல, ஆனாலும் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சர்க்கரை கூடினாலும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு இருந்தாலும் இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கும். வயது என்று நாமே பெயர் வைத்து மூடிவிட்டால் இதில் எது என்று தெரியாமலே போய்விடும். அவரை மருத்துவரிடம் அனுப்பினேன்.

இன்னொரு கேள்வி எப்போதும் "என் நண்பர் ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். தாம்பத்தியத்தில் சிரமம், விறைப்பு வருவதில்லை என்று அந்த நண்பர் சொன்னாராம். அந்த நண்பர் யார் என்று நான் கேட்பதில்லை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு ஆரம்பித்தால் பல சமயம் முதலில் அங்கேதான் தெரியும், நெஞ்சுவலிக்குச் சில வருடங்கள் முன்பாகவேகூட. அதனால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடச் சொல்கிறேன். கேட்க வந்தவரை ஒரு சிரிப்பால் கூச வைத்து அனுப்பிவிட்டால், அவருடைய இதயத்தைப் பார்க்கக் கிடைத்த நல்ல வாய்ப்பும் அவரோடு வெளியே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் என் உதவியாளர்களிடம் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

இயந்திரப் பிரிவுக்காரருக்குப் புராஸ்டேட் வீக்கம்தான், புற்றுநோய் இல்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து வந்தார். ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறாராம், பழைய இயந்திரத்துக்கே திரும்பிவிட்டாராம். பக்கத்தில் இன்னொருவர் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.

"இவரா வாயைத் திறக்க மாட்டாரு சார். நீங்களே கேளுங்க" என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.