ராத்திரி பத்து மணிக்கு மேல்

4 மார்ச் 2025, செவ்வாய்

எங்கள் அயனாவரம் தெருவில், எதிர் மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. பழைய வீட்டை இடித்தபோது பொக்லைனில் பிரேக்கர் மாட்டி நாள் முழுக்க உடைத்தார்கள். பகல்தானே என்று தெருவே பொறுத்துக்கொண்டது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. பம்ப், கான்கிரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர், ரிவர்ஸ் எடுக்கும் லாரியின் பீப் பீப். விடியும்வரை ஓயவில்லை. மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு நடக்கிறது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தாள்.

5 மார்ச், புதன்

ஒலி மாசு விதிகளை எடுத்துப் படித்தேன். மத்திய அரசு 2000-இல் கொண்டு வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்; அங்கே 50, 40.

ஆனால் இந்த எண்கள் சராசரிக் கணக்கு. நடுவில் பிரேக்கர் எவ்வளவு இடித்தாலும் மொத்தத்தில் கரைந்து போகலாம். அதனால் 2010 திருத்தம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கவே கூடாது என்கிறது. அளவு மீறினால் புகார் கொடுக்க வரம்பைவிட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும். இரவுத் தடையை மீறினால் அந்தக் கணக்கே இல்லை, நேராகப் புகார் செய்யலாம். சத்தம் அளக்கும் மீட்டர் வேண்டாம். இதை ஒவ்வொரு தெருவிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். சத்தத்தைப் பற்றிப் புலம்பினேன். "எனக்கு சைரன் சத்தம் போதலை அக்கா" என்றான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டும் ஓடும் காருக்குள் சைரன் எட்டுவதற்குள் வண்டி பின்னாலேயே போய் நின்றுவிடுகிறதாம். மேம்பாலத்துக்கு அடியில் எதிரொலித்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே யாருக்கும் புரிவதில்லை. சைரன் மூன்று மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் இருந்தாலும் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் இறங்கும். ஐம்பது மீட்டர் தள்ளி 86தான். அதிலும் கார் கண்ணாடி ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சமிருப்பது சுற்றியுள்ள ஹாரனையும் துளைபோடும் மெஷினையும் தாண்டி மேலே நிற்க வேண்டும்.

பல ஸ்வரத்தில் ஒலிக்கும் ஹாரனை மற்ற வண்டிகளுக்கு 1989 மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விலக்கு உண்டு. வழி விடாதவருக்கு 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதம். 2021-இல் அமைச்சர் நிதின் கட்கரி, சைரனுக்குப் பதில் அகில இந்திய வானொலியின் தொடக்க இசையை வைக்கலாம் என்று பேசியதைச் சொன்னேன். "கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கேட்டதும் கை தானா ஸ்டியரிங்கை ஒடிக்கணுமே" என்றான். காலியான ராத்திரித் தெருவில் இவனே சைரனை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் சுழலவிடுகிறான். அக்கறை இருப்பவனுக்குச் சட்டம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சைரன் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற இரைச்சல் இறங்கட்டும், சைரன் தானாக இறங்கும். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கும், நாள் முழுக்க அதன் அடியிலேயே உட்கார்ந்திருக்கும் என் தம்பியின் காதுக்கும் அதுதான் நல்லது.

14 மார்ச், வெள்ளி

சைட் இன்ஜினியரைப் பார்த்தேன். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான். பகலில் லாரிக்கு நேரக் கட்டுப்பாடு, நெரிசலில் மாட்டினால் கலவை வழியிலேயே இறுகிவிடும். தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, இணைப்பில் விரிசல் விடும் என்றான். நியாயம்தான். அப்படியானால் மாலைக்குள் முடிகிற அளவுக்குத் தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் திட்டமிடலாமே என்று கேட்டேன். "ஓனர்கிட்ட சொல்றேன்மா" என்றான்.

17 மார்ச், திங்கள்

பத்தே முக்காலுக்கு மறுபடி பம்ப். 100-க்கு அழைத்தேன். ரோந்து வண்டி வந்தது. "எத்தனை டெசிபல்னு அளந்தீங்களாம்மா?" என்று கேட்டார் காவலர். போனில் விதியைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். அப்புறம், கொட்டிக்கொண்டிருந்த லாரியை முடிக்க விட்டுவிட்டு, காத்திருந்த மற்றவற்றைத் திருப்பி அனுப்பினார். பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் சைட்டிலேயே தூங்கப் போனார்கள். அவர்களுக்கும் இது தூங்கும் நேரம்தானே.

20 மார்ச், வியாழன்

மாநகராட்சிக்கு மனு எழுதி முடித்தேன். கட்டுமான இடத்தில் மாட்டும் அனுமதிப் பலகையில் இயந்திரம் ஓடும் நேரமும் புகார் எண்ணும் இருக்க வேண்டும். தளம் போடும் தேதியைத் தெருவுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தம்பி ஒன்று சேர்க்கச் சொன்னான்: மருத்துவமனை வாசலில் மட்டும் இருக்கும் 'ஹாரன் அடிக்காதீர்' பலகையை 100 மீட்டர் எல்லை தொடங்கும் இடத்திலேயே நட வேண்டும். சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும்.