மறைத்துக் கொடுக்கும் கஷாயம்

தருமபுரி மாவட்டத்தில் உணவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் பெரும்பாலும் வேறு ஊர் மருத்துவமனையின் சீட்டோடுதான் வருகிறார்கள். கீமோ கொடுப்பது சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய மருத்துவமனை. ஆனால் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தக் குழந்தை இருப்பது பென்னாகரத்திலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ, தன் வீட்டில்தான். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தபடியே மாத்திரை விழுங்கிக் கழிவதால், அந்த வீட்டு அடுப்படியில் நடப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோர் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கொடுக்கலாம்?" என்பதே. மருத்துவம் முழுக்கப் பிறர் கைக்குப் போய்விட்ட பிறகு, தாயிடமும் பாட்டியிடமும் மிஞ்சியிருப்பது சாப்பாடு ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு நாம் நிதானமாகப் பதில் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டாரும் கைப்பேசிக் காணொளிகளும் சொல்லிவிடுகிறார்கள்: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஏறப் பப்பாளி இலைச் சாறு, ரத்தம் ஊறக் கோதுமைப்புல் சாறு, எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் கொடிக் கஷாயம், அதற்கும் மேலே பெயர் ஒட்டாத டப்பாவில் செந்தூரம் என்று ஏதோ ஒரு சித்த மருந்துப் பொடி.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சிறுவன் வந்திருந்தான். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறிவிட்டதால் அவனுடைய மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். புதிதாக எதுவும் கொடுக்கவில்லை என்று தாய் சொன்னார். அவனுடைய பாட்டியான ஆயா மட்டும் வயர் கூடையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஆயா, நான் திட்ட மாட்டேன். புள்ளைக்கு என்ன குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். "சொன்னா டாக்டரு ஊசியே போட மாட்டேன்னுடுவாருன்னு பயந்துட்டம்மா" என்றபடியே, குடிநீர் பாட்டிலில் அடைத்த சீந்தில் கஷாயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை நிறுத்திய சில வாரங்களில் நொதிகள் இறங்கின. கஷாயம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெர்காப்டோபியூரின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய மாத்திரைகளே கல்லீரலைச் சீண்டக்கூடியவை. சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் எது காரணம் என்று மருத்துவருக்கே தெரியாமல் போய், குணமாக்கும் மாத்திரை நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை.

"கீமோ விஷம், செடி நல்லது" என்பவர்களிடம் நான் நித்தியகல்யாணியைப் பற்றிப் பேசுவேன். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அந்தச் செடியிலிருந்துதான் இந்தக் குழந்தைகளுக்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி மருந்து கிடைக்கிறது. ஊசியில் அதன் அளவு மில்லிகிராம் கணக்கில் இருக்கும்; பறித்துக் கொதிக்கவைத்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சத்து டானிக்குகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்க முடியும் என்று பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவின் குழு. இன்றைய மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. அப்படியிருக்க, ரத்தம் ஊறட்டும் என்று ஃபோலிக் அமிலம் கலந்த டானிக்கை மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பது மருந்தின் கையைக் கட்டிப்போடுவதாகிவிடும்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் கஷாயம் கூடைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே பாட்டிக்கு வேறு வேலை கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் கேழ்வரகு இல்லாத வீடு அரிது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஸ்டீராய்டு மருந்து எலும்பைத் தேய்க்கும் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. ஆனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் புளிக்கவைத்து இரவு முழுக்க வைத்த கூழ் ஆகாது. அப்போதே கிண்டிய சூடான களியோ கஞ்சியோ கொடுக்கலாம். முட்டை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வேண்டும். பழமென்றால் கழுவித் தோலுரித்த வாழையும் சாத்துக்குடியும் போதும். வாய்ப்புண் வந்தால் காரம் புளி இல்லாமல் குழைந்த பருப்புச் சோறு. இவற்றுக்கு மேல் போட்டு, பச்சைப் பழமே கூடாது என்பது போன்ற கடுமையான பத்தியம், கைகழுவிச் சுத்தமாகச் சமைப்பதைவிடக் கூடுதலாகத் தொற்றைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பசியற்ற குழந்தைக்குப் பத்தியம் வைப்பது எனக்குப் பொறுக்காத ஒன்று.

எடையைப் பார்த்து நிம்மதியடைவதும் தவறு. வயிற்றுக் கட்டியும் ஸ்டீராய்டால் ஊறும் நீரும் எடையைக் கூட்டிக் காட்டும். முகம் உப்பிய குழந்தையின் மேற்கையை நாடாவால் அளந்தால்தான் சதை கரைந்திருப்பது தெரியும்.

வின்கிரிஸ்டினால் மலம் கட்டும்போது, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கும் கைவைத்தியத்தை இன்னும் பல வீடுகளில் செய்கிறார்கள். வெள்ளணு குறைந்த குழந்தைக்கு அங்கே ஏற்படும் சிறு கீறல் வழியாகவே கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம் என்பதால், இது வேண்டாம் என்று, அவர்கள் கேட்காமலேயே நான் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.

துணைச் சிகிச்சைகளை நான் ஒதுக்குபவள் அல்ல. முதுகில் ஊசி போடும்போது கதை சொல்வது, பாட்டுக் கேட்கவைப்பது, மூச்சை மெல்ல ஊதவைப்பது ஆகியவை குழந்தையின் வலியையும் பயத்தையும் குறைக்கின்றன. குமட்டலுக்கு, மருத்துவர் தரும் மாத்திரையோடு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் மூன்று விரல்கடை மேலே மெதுவாக அழுத்திவிடவும் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். தட்டணு குறைந்த நாட்களில் மட்டும் அழுத்துவதும் பிடித்துவிடுவதும் வேண்டாம். இவை மருந்துக்கு அருகில் நிற்பவை, மருந்தின் இடத்தைக் கேட்பவை அல்ல. சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதுதான் ஏழை நாடுகளில் குழந்தைகளை இழப்பதற்கான பெரிய காரணங்களுள் ஒன்று.

இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டில் கொடுக்கும் கஷாயம், பொடி, டானிக், எண்ணெய் எல்லாவற்றையும் தேதியோடு எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாத ஆயாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதித் தருகிறாள். அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்த நோட்டும் கூடப் போகிறது. பெங்களூரில் இருக்கும் மருத்துவர் தமிழ் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு செடியின் தாவரவியல் பெயரையும் ஓரத்தில் நானே எழுதி அனுப்புகிறேன்.