தண்ணீர்க் கணக்கு

ஜூன் 4
எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. அவ்வளவு நீரையும் டயாலிசிஸ் மெஷின் இழுத்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இன்று எழுத முடியாது.

ஜூன் 6
மெஷினில் நான்கு மணி நேரம். செல்வி போனைத் தலையணையில் சாய்த்து அந்தக் கொரியன் கடற்கன்னித் தொடரைப் போட்டாள். ‘தி லெஜண்ட் ஆஃப் தி ப்ளூ சீ’, 2016இல் வந்தது. ஜுன் ஜி-ஹ்யுன் கடற்கன்னி, லீ மின்-ஹோ ஏமாற்றிப் பிழைப்பவன். ஸ்பெயினில் ஒரு செங்குத்துப் பாறையிலிருந்து இருவரும் கடலில் குதிக்கிறார்கள். நீருக்கடியில் முத்தம். அந்த முத்தத்தோடு அவளைப் பற்றிய நினைவு மொத்தமும் அவனை விட்டுப் போய்விடுகிறது. காப்பாற்றியது யாரென்றே தெரியாமல் பிழைத்துக்கொள்கிறான்.

திரை முழுக்க நீலத் தண்ணீர். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஐஸ் துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 7
தாகம்.

ஜூன் 11
இன்ஷூரன்ஸ் காகிதம் தேடினேன். அவள் பெயரில் ரிப்போர்ட்கள் கிடைத்தன. ரத்தப் பிரிவு, கிரியாட்டினின், ஸ்கேன். எல்லாம் போன மாதத் தேதி. கேட்டதற்கு, “ஆமாங்க, பார்த்துட்டேன். என் கிட்னி உங்களுக்குச் சேருது” என்றாள். சட்னி அரைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 12
பேசவில்லை.

நான் வேண்டாமென்பேன் என்று தெரிந்துதானே சொல்லாமல் போனாள்? எந்த லேபில், எந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாளோ. நான் அன்று மெஷினில் கிடந்திருப்பேன், அல்லது தூங்கியிருப்பேன்.

ராத்திரி முழுக்க ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதைதான் மனதில். 1837இல் எழுதியது. இளவரசனுக்காக நாக்கை அறுத்துக் கொடுக்கிறாள். கிடைத்த கால்களால் நடக்கும் ஒவ்வோர் அடியும் கத்தி மேல் வைப்பதாக வலிக்கிறது. அவனோ தன்னைக் கரை சேர்த்தவள் வேறொருத்தி என்று நம்பி அவளையே மணக்கிறான். அக்காமார் தங்கள் கூந்தலைக் கொடுத்து வாங்கி வந்த கத்தியால் அவனைக் குத்தினால் இவள் பிழைக்கலாம். குத்தவில்லை. கத்தியை எறிந்துவிட்டுக் கடலில் விழுகிறாள்.

எல்லோரும் அவளுக்காகத்தான் அழுவார்கள். எனக்கு அவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஒருத்தியின் உயிரை வாங்கிக்கொண்டு, அது தெரியாமலே மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்திருப்பான் அல்லவா? நான் அவனாக மாட்டேன்.

ஜூன் 15
அத்தை திருச்செந்தூர் இலை விபூதியோடு வந்தார். எனக்குப் பூசினார். மகள் செல்விக்குப் பூசும்போது கை நடுங்கியது. அடுப்படியில் மெல்லிய குரலில், “உனக்கும் பிள்ளைக இருக்குடி.” அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஜூன் 18
இடது சிறுநீரகமாம். லேப்ராஸ்கோப்பியில் எடுத்து என் அடிவயிற்றில் வைப்பார்களாம். என்னுடைய பழைய இரண்டும் அப்படியே உள்ளேயே இருக்குமாம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, அதனால் அலைச்சல் குறைவு. ஆனாலும் யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு ரொம்ப நேரம் திறக்கவில்லை.

ஜூன் 20
எடை கட்டுக்குள். நல்ல நாள்!

தொடரில் அவர்களின் முற்பிறவிப் பகுதி, பழைய கொரியாவின் ஜோசோன் அரசர் காலத்தில். இதற்கு மூலம் யூ மொங்-இன் தொகுத்த ‘ஓவு யாதம்’ என்ற பழங்கதைத் தொகுப்பில் இருக்கிறது. கிம் தாம்-ரியோங் என்ற ஊர் அதிகாரி, மீனவரிடம் சிக்கிய கடல்வாசிகளைக் கேட்டு வாங்கிக் கடலில் விட்டுவிடுகிறார். காதலோ மறுபிறவியோ அதில் கிடையாது. தொடரில் அவளுக்கு வந்த ஈட்டியைத் தாம்-ரியோங் வாங்கிச் சாகிறான், அவளும் கூடவே செத்துப்போகிறாள். செல்வி அழுதாள். “ரெண்டு பேரும் போய்ட்டா யாருக்கு என்ன புண்ணியம்?” என்றேன். போனை அணைத்துவிட்டாள்.

ஜூன் 21
அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஜூன் 23
கரைக்கு வந்த கடற்கன்னியின் இதயம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். அவள் நேசிக்கிறவன் அவளைத் திரும்ப நேசித்தால்தான் துடித்துக்கொண்டிருக்கும். எழுதிய பார்க் ஜி-உன்னுக்கு இந்த ஒன்றுக்காகவே கும்பிடு போடலாம். வாங்குகிறவனுக்கும் வேலை வைத்திருக்கிறார். தினமும் செய்ய வேண்டிய வேலை.

சிறுநீரகம் வைத்த பிறகு மாத்திரை நேரம் தவறவே கூடாது. ஆயுசுக்கும்.

ஜூன் 27
தொடர் முடிந்தது. அவனுக்கு வந்த துப்பாக்கிக் குண்டைக் கடற்கன்னி வாங்கிக்கொள்கிறாள். காயம் ஆறக் கடலுக்குப் போயாக வேண்டும். போகும்போது அவன் வேதனைப்படக் கூடாதென்று தன்னைப் பற்றிய நினைவை அழித்துவிடுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அவன் வலியை அவனிடமிருந்து எடுக்க இவள் யார்? அவனோ மறக்கவே இல்லை. மூன்று வருடம் கழித்து அவள் வரும்வரை நெஞ்சில் வைத்திருக்கிறான். அப்படித்தான் இருக்கணும்.

செல்வியிடம் சொல்லிவிட்டேன். “எனக்குத் தெரியாம இனி ஒண்ணும் பண்ணாதே.”

“நீங்க பயப்படறதையும் எங்கிட்ட மறைக்கக் கூடாது.”

சரி என்றேன். அப்புறம் இருவரும் பயங்களைச் சொன்னோம். மயக்க ஊசிக்குத்தான் அவளுக்கு அதிக பயமாம். எனக்கு, அவள் கொடுத்தது என் உடம்பில் நிற்காமல் போய்விட்டால்?

ஜூன் 30
க்ராஸ்மேட்ச் நெகட்டிவ். என் ரத்தம் அவள் செல்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை. நல்லது என்று டாக்டர் சொன்னதும்தான் மூச்சு வந்தது. அத்தைக்கு நானே போன் செய்தேன்.

ஜூலை 2
நாளை அட்மிஷன். பிள்ளைகள் அத்தை வீட்டில். அவளுக்கு இன்று பணியாரம் சாப்பிட ஆசை. கடை ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள், போய் வாங்கி வருகிறேன்.